பாலம் நிற்கும் என்ற கணக்கு

பிப்ரவரி 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. போனில் கேட்டால் "பார்க்கலாம்ணா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இங்கே மலை ரோட்டு வேலை இழுத்துக்கொண்டே போகிறது. தகரக் கொட்டகையில் எல்லாரும் வரிசையாகப் படுக்கிறோம். பக்கத்துக் கட்டில்காரன் விடுகிற குறட்டைக்கு என் பொக்லைன் சத்தம் எவ்வளவோ தேவலை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது உங்கள் ஆபீஸ் ஆட்கள் வந்து இடம் அளந்துகொண்டிருந்தார்கள். இக்கரையில் பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தையும், அக்கரையில் மூடிக் கிடக்கிற, மரம் அறுக்கிற மில்லையும் அளந்தார்கள். வெள்ளமோ மண்சரிவோ வந்தால் உடனே ரோட்டைத் திறக்க இயந்திரம், டீசல், இரும்புப் பாலத் துண்டுகள், ஆட்கள் எல்லாம் தயாராக வைப்பதற்கு ஒரு மீட்பு நிலையமாம். ஆற்றுக்கு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒன்றுதானாம். எந்த இடம் என்று முடிவு பண்ணுவது யார் என்று கேட்டேன். தலைமை ஆபீஸில் ஒரு அம்மா இருக்கிறார், அவர்தான் கணக்குப் போடுவார், ரொம்பக் கறார் என்றார் அளக்க வந்தவர். அந்த அம்மாவுக்கு நான்தான் சைக்கிள் ஓட்டப் பழக்கினேன் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

இக்கரைக்கே வருகிற மாதிரி பார், அம்மா. இங்கே வந்தால் இயந்திரப் பிரிவுக்கு ஒரு மேஸ்திரி வேண்டும். என்னை விட்டால் இந்த ஊரில் ஆள் இல்லை. உன் அண்ணி வருடத்தில் முக்கால்வாசி நாள் தனியாகக் குடும்பத்தை இழுக்கிறாள். போன தடவை நான் செருப்பைக் கழற்றும்போதே என் பொண்ணு, நம்ம வாலு, ஓடிவந்து, "அப்பா, எப்ப போவீங்க?" என்று கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உன் அண்ணன்

பிப்ரவரி 20

பிரியமுள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் கேட்டதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பதில் சொல்வதில்தான் தயக்கம். எது எப்படி இருக்கிறது என்று உள்ளபடி சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

இரண்டு கரையையும் சேர்க்கிற நம் ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் நிற்கும் என்று வைத்துக்கொண்டால் நம் ஊர்தான் சரியான இடம். நெடுஞ்சாலை பக்கத்தில் இருக்கிறது, டீசல் கிடைக்கும், அதிகமான ஊர்களுக்குச் சீக்கிரம் போய்ச் சேரலாம். பாலம் விழுந்துவிட்டால் கணக்கு தலைகீழ். நமக்குப் பின்னால் நெடுஞ்சாலை இருப்பதால் யாராவது எங்கிருந்தாவது உதவிக்கு வந்துவிடுவார்கள். அக்கரைக்கு நம் பாலத்தை விட்டால் மலை ரோடுதான். அது சாதாரண மழைக்கே சரிகிற ரோடு. இரண்டும் போனால் அங்கே யாராலும் வர முடியாது. அதனால் அப்படி ஒரு நாளுக்காக என்றால் நிலையம் அக்கரையில்தான் இருக்க வேண்டும்.

ஆக எல்லாமே பாலத்தில் வந்து நிற்கிறது. நடுத் தூணுக்கு அடியில் ஆறு மணலை அரித்துவிட்டது என்று பாலங்களைச் சோதிக்கிறவர் எழுதியிருக்கிறார். பழுதுபார்க்க உத்தரவு ஆகிவிட்டது, வேலை தொடங்கவில்லை. அதைப் பழுதான பாலம் என்று எடுத்துக்கொள்ளலாம், சரிசெய்யப்போகிற பாலம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டில் எதை எடுத்தாலும் மேலே யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கேட்க ஒருவர் இருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

இன்னொன்று. சொந்தக்காரர்கள் இருக்கிற இடத்தைப் பற்றி முடிவெடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. சொன்னால் இந்தப் பகுதியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள். நான் இன்னும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று என்னாலேயே என் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லை.

அண்ணிக்கும் வாலுக்கும் என் அன்பு.

உங்கள் தங்கை

மார்ச் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ எழுதியதை நிதானமாகப் படித்தேன். படித்தவர்களுக்கு இதுதான் தொல்லை, நிற்கிற பாலத்தைப் பார்த்தால் அது விழுகிற மாதிரி தெரியும். அந்தப் பாலத்து மேல் நான் எத்தனை லோடு ஜல்லி ஏற்றிப் போயிருக்கிறேன்! பொக்லைனை லாரியில் வைத்துக்கொண்டு போகும்போதுகூட ஒரு அசைவு கிடையாது. பாலம் எங்கே ஓடிப்போகப் போகிறது? நான் சொல்கிறேன், நிற்கும்.

நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முடியாது என்றால் முடியாது என்று எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் உன் அண்ணியிடம் ஏற்கெனவே வாயை விட்டுவிட்டேன். அவள் பணிமனைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் காலி இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறாளாம்.

உன் அண்ணன்

ஏப்ரல் 15

அண்ணாவுக்கு,

நம் ஊர் என்று முடிவாகிவிட்டது. பாலத்தைச் சரிசெய்யப்போகிற பாலமாக எடுத்துக்கொண்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை என்று எழுதத் தொடங்கினேன். அது உண்மையில்லை என்பதால் எழுதவில்லை.

தலைமைப் பொறியாளர் படித்துவிட்டு, சுத்தமான வேலை என்றார். தூண் வேலையை மழைக்கு முன்பே தொடங்கச் சொல்லிப் பாலப் பிரிவுக்கு இரண்டு தடவை எழுதிவிட்டேன், நேரிலும் போய்ச் சொன்னேன். தலையாட்டுகிறார்கள்.

அண்ணியிடம் சொல்லிவிடுங்கள். என் பெயரை மட்டும் இழுக்க வேண்டாம்.

தங்கை

ஜூலை 6

என் அருமைத் தங்கச்சிக்கு,

நிலையம் திறந்தாகிவிட்டது. இரண்டு பொக்லைன், ஒரு கிரேன், மூன்று லாரி. எல்லாம் புதுசு. சீட்டில் போட்ட பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க மனசு வரவில்லை என்கிறான் என் டிரைவர். நான்தான் மேஸ்திரி. சட்டையில் பட்டை எல்லாம் உண்டு, போட்டுக்கொண்டு கடைத்தெருவில் இரண்டு தரம் தேவையில்லாமல் நடந்தேன்.

மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறேன். இதைப் படிக்கிற உனக்கு இது ஒரு விஷயமா என்று தோன்றும். கல்யாணம் ஆனதிலிருந்து இப்போதுதான் எனக்கு இது. முதல் இரண்டு வாரம் உன் அண்ணி பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். இப்போது, "தினம் வந்து நிக்கிறீங்களே, ஒரு நாளாவது வெளிய சாப்பிடக் கூடாதா?" என்கிறாள். அந்த அளவுக்கு முன்னேறிவிட்டோம்.

பாலத்துத் தூண் வேலைக்கு இன்னும் ஆள் வரவில்லை. வருவார்கள்.

உன் அண்ணன்

அக்டோபர் 29

அண்ணா,

எத்தனை தடவை கூப்பிட்டும் நீங்கள் போனை எடுக்கவில்லை. அண்ணி எடுக்கிறார்கள். "இருக்கார், சாப்பிட்டார்" என்பதற்கு மேல் அவர்கள் குரல் வரவில்லை. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்பதை ஒரு ஓட்டல்காரரிடம் விசாரிக்கிற மாதிரி விசாரித்துத் தெரிந்துகொள்கிறேன்.

பாலம் விழுந்த செய்தி எங்களுக்குக் காலையிலேயே வந்துவிட்டது. நடுத் தூண். மலை ரோடும் சரிந்துவிட்டது என்று அடுத்த தகவல் வந்தபோது அறையில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்கு மட்டும் சத்தம் நின்றுபோனது. அக்கரையில் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த சரிவு வீடுகளின் மேல் வந்துவிட்டது என்று மாலையில் சொன்னார்கள். நாலு பேர்.

என்ன நடந்தது என்று அறிக்கையில் படித்துவிட்டேன். உங்களிடமிருந்து கேட்க வேண்டும். திட்டுவதாக இருந்தாலும் எழுதுங்கள்.

தங்கை

நவம்பர் 9

தங்கச்சிக்கு,

உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? உன் குரலைக் கேட்டால் என்ன பேசுவது என்று தெரியாமல்தான் எடுக்கவில்லை.

நீ கேட்டதால் எழுதுகிறேன். பாலம் விழுந்தபோது நான் ஆற்றங்கரையில்தான் நின்றேன். பெரிய சத்தம் எதுவும் இல்லை. நடுப்பகுதி உட்காருகிற மாதிரி கீழே இறங்கியது, அப்புறம் காணோம். ஆட்களைக் கூப்பிட்டு வண்டிகளைக் கரைக்குக் கொண்டுவந்தேன். இரும்புப் பாலத்தைப் போடலாமா என்று பார்த்தால் ஆறு கரையைத் தாண்டி ஓடுகிறது. தண்ணீர் வடியாமல் ஒரு துண்டைக்கூட இறக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரையில் மண் இறங்கியது. எங்கள் கண் முன்னாலேயே. வீடுகள் இருந்த இடத்தில் செம்மண் மட்டும் தெரிந்தது. ஜனங்கள் ஓடுவதும் குனிவதும் தெரிந்தது. கையாலும் மண்வெட்டியாலும் தோண்டினார்கள்.

நான் பொக்லைனில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டேன். எதற்குப் போட்டேன் என்று தெரியாது. போவதற்கு வழி இல்லை. அணைக்கவும் கை வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் அது நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. யாரும் என்னிடம் அணைக்கச் சொல்லவில்லை.

வெள்ளம் வடிந்து படகு விட்ட அன்றைக்கு அக்கரைக்குப் போனேன். செத்துப்போனவர்களில் ஒருவர் கடைத்தெருத் தையல்காரர். தையல் கடைக்குள் இருந்த அவர் மேல் கான்கிரீட் உத்தரம் விழுந்து கிடந்திருக்கிறது. மதியத்துக்கு மேலும் உயிரோடு இருந்திருக்கிறார். பேசியிருக்கிறார். யார் யார் துணி தைத்து முடிந்திருக்கிறது, எது பாக்கி, எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மண்ணுக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாராம். மேலே பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து அந்த உத்தரத்தை அசைக்கப் பார்த்திருக்கிறார்கள். அசையவில்லை.

அவர் மனைவி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். என் சட்டையில் இருந்த பட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்:

"எதிர்க்கரையில மஞ்சளா ஒண்ணு நின்னுச்சே, அது உங்க வண்டியா?"

"ஆமாம்மா."

 அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நான்தான் எழுந்து வந்துவிட்டேன்.

பாலம் நிற்கும் என்று சொன்னது நான். மத்தியானச் சாப்பாட்டுக்காகச் சொன்னேன்.

அண்ணன்

நவம்பர் 20

பிரியமுள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலுவலகம் போய் வருகிறேன். மறுபடி படிக்கத் தைரியம் இல்லை.

நீங்கள் ஊரோடு இருக்க ஆசைப்பட்டீர்கள். ஊரை விட்டு இருக்கிற யாரும் ஆசைப்படுவார்கள். ஆசைப்படாமல் இருப்பதற்குத்தான் எனக்கு அந்த நாற்காலி. அக்கரையில் என்ன ஆகும் என்று பிப்ரவரியிலேயே உங்களுக்கு எழுதியவள் நான். தெரியாமல் செய்யவில்லை. எனவே இதில் பங்கு கேட்டு வராதீர்கள்.

இங்கே விசாரணை என்று ஒன்று நடந்தது. தலைமைப் பொறியாளர் என் கணக்கை முன்னால் வைத்து, சராசரி மீட்பு நேரம் எவ்வளவு குறைந்திருக்கிறது பாருங்கள் என்றார். எல்லாரும் பார்த்தார்கள். அண்ணா, அந்த எண் இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நாலு பேரால் அது அசையக்கூட இல்லை. யாரும் எதிர்பாராத மழை, பாலப் பிரிவின் தாமதம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். வெளியே வந்ததும் ஒருவர் என் தோளைத் தட்டி, "மனசுல வச்சுக்காதீங்க மேடம், உங்க பேர் எங்கயும் வரல" என்றார். நல்ல மனிதர், ஆறுதலுக்குத்தான் சொன்னார். திருத்தத் திட்டத்தையும் என்னிடமே கொடுத்திருக்கிறார்கள்.

நம் வீடு இக்கரையில் இருக்கிறது என்று விதிப்படி சொல்லாமல் விட்டதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போய்விடலாம் என்று இருக்கிறேன்.

தங்கை

டிசம்பர் 3

தங்கச்சிக்கு,

போய்விடுகிறாளாம். நீ போய்விட்டால் அக்கரைக்காரர்களுக்கு என்ன கிடைக்கும்? உனக்கு வேண்டுமானால் கொஞ்சம் தூக்கம் வரும். முதலில் நிலையத்தை மரமில்லுக்கு மாற்றி எழுது. அதற்கு என்ன காரணம் சொல்ல வேண்டுமோ சொல். உன் விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கப்புறம் சொல். யார் குற்றம் என்று நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பது போதும். தையல்காரர் வீட்டு அம்மா வாசலில் உட்கார்ந்திருக்கும்போது நமக்கு இது என்ன விளையாட்டு?

கோபமாக எழுதிவிட்டேன். அடித்துவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன், அப்படியே இருக்கட்டும்.

இங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நிலையத்தை மாற்றப்போகிறார்கள் என்று எப்படியோ காற்றில் வந்துவிட்டது. பணிமனை வாசலில் கூட்டம் போட்டார்கள். ஒரு கல்லைக்கூட நகர்த்த விடக் கூடாது என்று பேசினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள், நான்தானே மேஸ்திரி. இது இங்கே வருவதற்கு ஆள் பிடித்ததே நான்தான், பிடித்தது தப்பு, அக்கரைக்குப் போகட்டும் என்றேன். முதலில் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்தார்கள். அப்புறம் பணிமனை மெக்கானிக், என்னோடு ஒன்றாகப் படித்தவன், எழுந்து கேட்டான்.

"நாளைக்கு நம்ம பக்கம் இடிஞ்சா யார் வருவா?"

"நெடுஞ்சாலைலேர்ந்து வருவாங்க. லேட்டாத்தான் வருவாங்க" என்றேன்.

"அதுக்குள்ள உன் பொண்ணு மாட்டிக்கிட்டா?"

 அதற்கும் அக்கரைக்குப் போகட்டும் என்றே சொன்னேன். அன்றிலிருந்து டீக்கடையில் எனக்குப் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இனி வர முடியாது என்று உன் அண்ணியிடம் பேச்சை எடுத்தேன். "எனக்குச் சொல்ல வேணாம், எனக்கே தெரியும்" என்று உள்ளே போய்விட்டாள்.

அண்ணன்

பிப்ரவரி 16

பிரியமுள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். மாற்றத்தை எழுதி முடித்து, அதற்குக் கையெழுத்து வாங்கிய பிறகு, தலைமைப் பொறியாளரிடம் போய் நம் வீடு எந்தக் கரையில் இருக்கிறது என்று சொன்னேன்.  இதை இப்போது சொல்லாமலே இருந்திருக்கலாமே என்றார். பாலத்தைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தத் தடவை சராசரியை ஓரமாக வைத்துவிட்டேன். எந்தப் பாலம் போனால் எந்த ஊர் தனியாகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இந்த ஆறு மட்டும் இல்லை. மொத்தத் திட்டத்தில் இன்னும் இரண்டு இடங்களில் அதே போல நிலையம் வசதியான பக்கத்தில் இருந்தது. அங்கே எனக்கு அண்ணன் யாரும் இல்லை. அங்கேயும் வசதியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இதை உங்களுக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. அந்த இரண்டையும் மாற்றிவிட்டேன்.

என்னைத் திட்டப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி பாலங்களைச் சோதிக்கிற வேலை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு படகில் போய் ஒவ்வொரு தூணாகப் பார்க்க வேண்டும். தண்டனையாகத்தான் கொடுத்தார்கள். எனக்கு வாயைத் திறந்து மறுக்கத் தோன்றவில்லை.

மே மாதத்துக்குள் இயந்திரங்கள் அக்கரை போய்விடும். மழைக்காலத்தில் ஆட்கள் அங்கேயே தங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். உங்களை வீட்டைவிட்டு மறுபடி பிரிப்பது என் கையெழுத்துதான். வேறு மேஸ்திரி வேண்டும் என்று நீங்கள் சொன்னால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

தங்கை

செப்டம்பர் 18

அன்புள்ள தங்கச்சிக்கு,

வேறு மேஸ்திரி எதற்கு? நானே வந்துவிட்டேன்.

கடைத்தெருப் பக்கம் ஒரு அறை வாடகைக்குக் கேட்டேன். தையல்காரர் வீட்டுக்கு எதிர்வீடு காலியாக இருந்தது. விஷயம் அந்த அம்மா காதுக்குப் போய், அவர்களே மரமில் வாசலுக்கு வந்து, "நீங்க வந்தது நல்லதுதான். எங்க தெருவுல மட்டும் வேணாம்" என்றார்கள். சரி என்றேன். மில்லுக்குள்ளேயே படுத்துக்கொள்கிறேன்.

போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. விழுந்த பாலத்துக்குப் பதிலாகப் போட்ட தற்காலிகப் பாலத்தை மூடிவிட்டார்கள். இங்கிருந்து பார்த்தால் நம் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. வீடு தெரியாது, தொட்டி மட்டும். மழை நேரத்தில் ஒரு ஆள் எவ்வளவு நேரம் ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் மலை ரோட்டில் சரிவு. ஒரு பால் வண்டி மாட்டிக்கொண்டது. உள்ளே டிரைவரும் அவன் மனைவியும். வண்டியின் கூரை மட்டும் வெளியே தெரிந்தது. இறங்கித் தோண்டி இரண்டு பேரையும் எடுத்தோம். அந்தப் பெண்ணுக்குக் கால் எலும்பு முறிவு, அவனுக்குச் சிராய்ப்புதான். ஜனங்கள் என்னைத் தூக்காத குறை. எனக்குள் ஏதாவது லேசாகும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை. இவர்கள் வேறு இரண்டு பேர், அவ்வளவுதான்.

மறுநாள் பொக்லைனைக் கழுவிக்கொண்டிருந்தேன். தையல்காரர் மனைவி வந்தார்கள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதன் கை மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்கள்:

"அன்னிக்கு இது இங்க இருந்திருந்தா, அந்த உத்தரத்தைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

 எப்படியும் பிழைத்திருக்க மாட்டார், அடி அப்படி என்று சொல்லியிருக்கலாம். அவர்களுக்கும் அதுதான் நல்லது என்று ஒரு பக்கம் தோன்றியது.

"அரை மணி நேரம் கூட ஆகியிருக்காதும்மா" என்றேன்.

"பொழச்சிருப்பாரா?"

"பொழச்சிருப்பார்னுதான் நினைக்கிறேன்."

அவர்கள் அழவில்லை. "எல்லாரும் வேற மாதிரி சொல்லிட்டிருந்தாங்க. விதி, அவ்வளவுதான் ஆயுசுன்னு. எனக்கு மட்டும் ஏன் மனசு ஆறலைன்னு என் மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு" என்றார்கள்.  பிறகு கேட்டார்கள், இதை அந்தப் பக்கம் வைக்கச் சொன்னது யார் என்று.

அங்கே வைக்கச் சொல்லிக் கேட்டது நான், எழுதியது என் தங்கச்சி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பாக இருந்தால் மன்னித்துவிடு. அந்த இடத்தில் வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

"அவங்க இங்க வந்திருக்காங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வரச் சொல்லவும் இல்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

உனக்குச் சொல்லாமல் மறைக்கக் கூடாது என்று எழுதினேன். நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உனக்கு யோசனை சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.

உன் அண்ணன்

செப்டம்பர் 25

பிரியமுள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் தையல்காரர் மனைவியிடம் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. சொல்ல வேண்டியவள் நான். நீங்கள் எனக்கு முன்னால் நின்றுவிட்டீர்கள்.

அக்கரையை நான் எவ்வளவு பார்த்திருக்கிறேன் என்று இந்த வாரம் யோசித்துப் பார்த்தேன். சிறுவயதில் எதிரே தெரிகிற கரையாகவும், அப்புறம் வரைபடத்தில் ஒரு புள்ளியாகவும். கால் வைத்து நடந்ததே இல்லை.

தற்காலிகப் பாலத்தைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அண்ணி சமைத்து வைப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் வீட்டில் இறங்கவில்லை. நேராக அக்கரைக்கு வருகிறேன்.

அந்த அம்மா கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நிற்கிறேன். திறந்து, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால், பாலம் நிற்கும் என்று நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். அப்படி நான் ஒருநாளும் நினைக்கவில்லை. நின்றால் நல்லது என்று நினைத்தேன். அதைத்தான் சொல்வேன்.

நீங்கள் கூட வர வேண்டாம் அண்ணா. எந்தத் தெரு என்று மட்டும் காட்டுங்கள்.

உங்கள் தங்கை